காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்?

நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவிலும், 2003இல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் குழுவிலும் ஒரே நாளில் ஒரே செய்தி வந்தது. பச்சை நிறத்தில் ஒரு படம், நடுவில் திமில் பெருத்த நாட்டு மாடு, அதன் கீழே கேள்வி: "காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கும்போது விவசாயி ஏன் யூரியாவுக்குக் காசு கொடுக்க வேண்டும்?" இரண்டு குழுவிலும் சேர்த்து நாற்பத்தேழு பேர் கும்பிடுகிற கையைப் போட்டிருந்தீர்கள். அதில் பதினொரு பேர் என்னிடம் தாவரவியல் படித்தவர்கள். எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள்.

நான் யூரியாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மண்ணில் கண்டதையும் கொட்டுவது குறைய வேண்டும் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவள் நான். என் கோபமே அதனால்தான். இயற்கை விவசாயத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது உரம் விற்கிறவர்கள் மட்டும் அல்ல. செடி எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்குச் சமையல் குறிப்பு அனுப்புகிற நீங்களும்தான்.

முதலில் அந்த 78 சதவீதத்துக்கு வருவோம். கணக்கு சரி. ஆனால் காற்றில் இருக்கும் நைட்ரஜன் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்பால் இறுகக் கட்டிக்கொண்ட மூலக்கூறு. எந்தச் செடிக்கும் அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியாது. நெல்லுக்குத் தெரியாது, வாழைக்குத் தெரியாது, அந்தப் படத்தில் இருக்கிற மாடு மேய்கிற புல்லுக்கும் தெரியாது. கடலுக்கு நடுவே படகில் இருப்பவனுக்குத் தாகம் எடுத்தால் சுற்றிலும் இருக்கிற தண்ணீர் உதவாது அல்லவா, அப்படித்தான். தொழிற்சாலையில் அந்தக் கட்டை அவிழ்க்க 400 டிகிரிக்கு மேல் சூடும் நூற்றைம்பது, இருநூறு மடங்கு காற்றழுத்தமும் வேண்டியிருக்கிறது. அதே வேலையை வயல் சூட்டிலேயே செய்கிற உயிர்கள் சில உண்டு. எல்லாமே பாக்டீரியா வகையறா. பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் ஒன்று. அசோலாவின் இலைக்குழிக்குள் வாழும் அனபீனா ஒன்று. தேங்கிய தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் இன்னும் சில. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல் பயறுச் செடியின் இந்த ரகசியத்தைச் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் ஹாலந்தில் பெய்ஜரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தே காட்டிவிட்டார். நான் கரும்பலகையில் படம் வரைந்து, நீங்கள் பென்சிலால் பார்த்து வரைந்து, ஐந்து மதிப்பெண் வாங்கிய பாடம் இது.

அடுத்து, காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்?

ஒருவரும் போடவில்லை. ஏனென்றால் காட்டிலிருந்து யாரும் லாரியில் நெல் ஏற்றிப் போகவில்லை. காட்டில் கொள்முதல் நிலையம் கிடையாது. விழுந்த இலை அங்கேயே மக்குகிறது, செத்த மானும் அங்கேயே மக்குகிறது, எடுத்த சத்து எடுத்த இடத்துக்கே திரும்புகிறது. வயல் அப்படியா? ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு 2 டன் என்றால் 30 முதல் 40 கிலோ. இதில் பெரும்பகுதி நெல்மணியோடு ஊரைவிட்டே போய்விடும். மிச்சம் வைக்கோலில் இருக்கும். அந்த வைக்கோலையும் இப்போது இயந்திரம் வைத்துக் கட்டுக் கட்டாகச் சுருட்டி லாரியில் விற்றுவிடுகிறோம். பயிர் எடுக்கிற சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது, அதுவும் போயிற்று. வருடா வருடம் வீட்டிலிருந்து சாமானை விற்றுக்கொண்டே, 'காட்டில் யாரும் சாமான் வாங்குவதில்லையே' என்று கேட்பது என்ன நியாயம்?

அப்படியானால் நம் முன்னோர் எப்படி விளைவித்தார்கள் என்று என் அண்ணன் மகன் கேட்டான். (பெங்களூரில் இருக்கிறான், சொந்தமாக ஒரு தொட்டிச் செடி உண்டு.) நல்ல கேள்விதான், பதிலும் இருக்கிறது. காவிரி வருடா வருடம் வண்டல் கொண்டுவந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு அதில் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடுகிறது. ஆடு மாட்டுக் கிடை கட்டினார்கள். கொழிஞ்சியும் எருக்கும் பூவரச இலையும் வெட்டிப் போட்டு மிதித்தார்கள். தேங்கிய வயல்நீரில் நீலப்பச்சைப் பாசி தானாக நைட்ரஜனை நிலைநிறுத்திக்கொண்டிருந்தது. நெல் வயல்களுக்கு அந்தப் பாசியால் என்ன பயன் என்பதை 1939இலேயே நம் நாட்டு விஞ்ஞானி பி. கே. டே எழுதிவிட்டார். ஹெக்டேருக்கு 20, 30 கிலோ வரை அதிலிருந்து கிடைக்கலாம். அதோடு, விளைச்சலும் இன்றைய விளைச்சல் அல்ல. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் உயரமாக வளர்ந்து வைக்கோலை நிறையக் கொடுத்தன, நெல்லைக் கம்மியாகக் கொடுத்தன. 1966இல் வந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் அதைத் தலைகீழாக்கின. குட்டை ரகம் நிறையத் தழைச்சத்தைத் தின்றும் சாயாமல் நின்று கதிராக்கும். அந்த ரகத்தை நட்டுவிட்டு, தாத்தா காலத்துச் சாப்பாட்டைப் போடுகிறேன் என்றால் அது பட்டினி கிடக்கும். பழைய ரகத்தை நட்டு யூரியாவைக் கொட்டினால் பூக்கும் முன்பே படுத்துவிடும். நெல் ஜெயராமன் 170க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்துவிட்டுப் போனார். அந்த விதையைக் கேட்டு வாங்குகிறவர்கள், எந்த ரகத்துக்கு எந்தச் சாப்பாடு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி பீப்பாய். ஜீவாமிர்தத்தைச் சொல்கிறேன். ஏக்கருக்கு ஒரு முறைக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, 200 லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி மண். உங்களில் கணக்கு தெரிந்தவர்கள் பேனாவை எடுங்கள். ஈரச் சாணத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம், ஆக 50 கிராம். கோமியத்தில் தாராளமாக ஒரு சதவீதம் என்றே வைப்போம், 100 கிராம். பயறு மாவில் இருக்கும் புரதத்தைக் கணக்கிட்டால் இன்னொரு 70 கிராம். வெல்லத்தில் அநேகமாக ஒன்றும் இல்லை. மொத்தம் கால் கிலோகூட வரவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை என்று சம்பா முழுக்க எட்டு தடவை விட்டாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது. பயிருக்கு வேண்டியது 30 கிலோவுக்கு மேல்.

குழுவில் இதைச் சுருக்கமாகப் போட்டேன். உடனே அண்ணன் மகன், "அத்தை, அது உரம் இல்ல, நுண்ணுயிரை எழுப்பி விடுற மருந்து. நீங்க கெமிக்கல் லாபி மாதிரியே பேசுறீங்க" என்றான்.

லாபி என்கிற வார்த்தையை நான் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் முதன்முதலாக என்மேல் கேட்கிறேன். இருக்கட்டும். மருமகனே, நுண்ணுயிர் எழும். எழுந்து என்ன சாப்பிடும்? மண்ணில் மக்கு இருந்தால் அதைச் சாப்பிட்டு, அதில் பூட்டிக் கிடக்கிற சத்தைப் பயிருக்கு விடுவிக்கும். மக்கு இல்லாத மண்ணில் சமையல்காரரை மட்டும் கொண்டுபோய் விட்டால் அடுப்பு எரியுமா? இந்த முறையைச் சொன்னவர்களே மூடாக்குப் போடு, ஊடுபயிராகப் பயறு போடு என்றும் சேர்த்துத்தான் சொன்னார்கள். மூடாக்குக்கு உடம்பு வளைய வேண்டும், ஊடுபயிருக்குக் களையெடுக்க ஆள் வேண்டும். அதனால் அது இரண்டையும் விட்டுவிட்டுப் பீப்பாயை மட்டும் பிடித்துக்கொண்டோம். இப்போது அந்தப் பீப்பாய்த் தண்ணீரையும் கேனில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்கிறார்கள். உரக்கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை. விவசாயி பணம் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு வீட்டுக்குப் போகிற ஏற்பாடு மட்டும் மாறவே இல்லை.

இதைப் படித்துவிட்டு 'சபாஷ் டீச்சர்' என்று கைதட்டுகிற யூரியா ரசிகர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்களைத்தான் அடுத்துச் சொல்ல வருகிறேன்.

அதே 2003 குழுவில் ஒரு பையன் இருக்கிறான். பையன் என்ன, நாற்பதைத் தொட்டுவிட்டான். ஒன்பது மா சாகுபடி, அதில் ஆறு மா குத்தகை. வீட்டு நகை கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. குழுவில் அதிகம் பேச மாட்டான், வருகிற எல்லாவற்றையும் படிப்பான். ஐப்பசியில் நட்டு இருபது நாள் ஆன நிலையில் வயலில் திட்டுத் திட்டாக வெளிறியது. படம் எடுத்துக் குழுவில் போட்டான். பத்து நிமிஷத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா விடு, நாலு நாளில் பச்சை கட்டும்" என்றது. இன்னொரு கட்சி, "பஞ்சகவ்யா அடி, மண்ணில் விஷம் ஏறிப்போயிருக்கிறது" என்றது. எந்த இலை வெளிறியிருக்கிறது, மேல் இலையா கீழ் இலையா என்று ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர்கூட.

பிள்ளைகளா, கனிம ஊட்டம் பாடத்தில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? சில சத்துக்கள் செடிக்குள் நடமாடும், சில நடமாடா. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மெக்னீசியமும் நடமாடும். தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும், வீட்டில் பெரியவர்கள் தங்கள் பங்கைப் பிள்ளைகளுக்குத் தள்ளுவதுபோல. அதனால் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். சுண்ணாம்பு, போரான், இரும்பு இவையெல்லாம் நடமாடா. அவை குறைந்தால் புது இலையில்தான் தெரியும். கந்தகக் குறைவில் பயிர் வெளிறுவது தழைச்சத்துக் குறைவுபோலவே இருக்கும், ஆனால் மேலிருந்து ஆரம்பிக்கும். யூரியா மூட்டையைத் தூக்கும் முன் குனிந்து ஒரு செடியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காசு செலவில்லை.

அந்தப் பையனை ஒரு தூரை வேரோடு பிடுங்கிப் படம் அனுப்பச் சொன்னேன். புது இலையில் நடுநரம்பின் அடிப்பக்கம் வெளுத்திருந்தது. கீழ் இலைகளில் துருப்பிடித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள். துத்தநாகக் குறைவு. எப்போதும் தண்ணீர் நிற்கிற, களர் கலந்த நெல் வயல்களில் சாதாரணமாக வருவது. நான் வேளாண் அதிகாரி இல்லை, அதனால் படத்தோடு உதவி வேளாண் அலுவலரிடம் அவனை அனுப்பினேன். அவரும் அதையே சொல்லி, 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசல் தெளிக்கச் சொன்னார். பயிர் தேறிக்கொண்டது. ஆனால் அதற்குள் குழுவில் சொன்னதைக் கேட்டு மூன்று மாவுக்கு ஒரு மூட்டை யூரியாவை இறைத்துவிட்டிருந்தான். தூர் வெடிக்க வேண்டிய பத்து நாள் வீணானது. யூரியா இறைத்த அந்த மூன்று மாவில்தான் கார்த்திகைக் கடைசியில் இலைச்சுருட்டுப் புழு அதிகமாக வந்து, மருந்துச் செலவும் சேர்ந்தது. கும்பிடு போட்ட யாரும் அந்தச் செலவில் பங்கு கேட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

யூரியா போட்டால் பச்சை கட்டும் என்பது உண்மைதான். பச்சையம் என்கிற மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். தழைச்சத்துக் குறைந்த பயிருக்கு அதைக் கொடுத்தால் நாலைந்து நாளில் கண்ணுக்குத் தெரியும்படி இருள்கிறது. விவசாயியின் கண்ணை ஏமாற்றுவதும் அந்தப் பச்சைதான். தேவைக்கு மேல் போனால் இலை தழைக்கும், தண்டு மெலியும், திசு இளசாக இருக்கும். புகையானுக்கும் குலைநோய்க்கும் பந்தி விரித்ததுபோல. அதற்கு மருந்து அடிக்க மறுபடியும் அதே கடைக்குப் போக வேண்டும். வயலில் போட்ட யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் 40 சதவீதம்தான் நெல்லுக்குள் போகிறது. பகலில் வயல்நீரில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. அந்தத் தண்ணீரில் யூரியாவை இறைத்தால் அம்மோனியாவாக ஆவியாகிப் போகிறது. இன்னொரு பங்கு தரைக்குள் இறங்குகிறது. இன்னொரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக வானத்துக்குப் போய், கரியமில வாயுவைப்போல சுமார் 270 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கிறது. 45 கிலோ மூட்டை மானியத்தில் முந்நூறு ரூபாய்க்குள் கிடைப்பதால் யாருக்கும் வலிக்கவில்லை. மானியம் யார் பணம் என்பது வேறு கதை.

உரக்கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "டீச்சர், நான் வேணாம்னு சொன்னா அவங்க அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்றான். அவன் சொல்வதும் பொய் இல்லை. அவன் கடையில் ஒரு ஆணியில் இலை வண்ண அட்டை தொங்குகிறது. வந்த நாள் முதல் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அந்த அட்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பச்சையில் சில படிகள் அச்சிட்ட ஒரு சின்னப் பட்டை, அவ்வளவுதான். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், சூரியனுக்கு முதுகு காட்டி உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று, முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலை பாருங்கள். ஆறு அல்லது அதற்கு மேல் நான்காம் எண்ணைவிட வெளிறியிருந்தால் மேலுரம் போடுங்கள், இல்லையென்றால் மூட்டை மூட்டையாகவே இருக்கட்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண்ணே போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் எத்தனையோ வருடமாகச் சொல்லிவரும் முறை இது. ஒரு பஞ்சகவ்யாக் கேனின் விலைக்கு ஊருக்கே அட்டை வாங்கலாம்.

இயற்கை விவசாயம் என்றால் ஆராய்ச்சிக்கு எதிர்ப்பக்கம் நிற்பது என்ற நினைப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. அங்கக வேளாண்மைக்கு உலகமே முன்னோடி என்று சொல்கிற ஆல்பர்ட் ஹோவார்டு தாவரவியலாளர். 1905இல் பீகாரில் உள்ள பூசாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் மனைவி காப்ரியேல் தாவரச் செயலியல் படித்தவர். இருவரும் நம் ஊர் விவசாயிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஹோவார்டு பிறகு இந்தூரில் மக்குரம் செய்யும் முறையை உருவாக்கினார், எந்த அளவுக்குக் காய்ந்தது, எந்த அளவுக்குப் பச்சை, எவ்வளவு ஈரம், எப்போது புரட்ட வேண்டும் என்று அளந்து அளந்து. நம்மாழ்வார் ஐயா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டுக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். வேலையை விட்டார், படிப்பை விடவில்லை. அவர் ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்பைப் பாருங்கள். தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் எல்லாவற்றையும் கலந்து விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழச் சொன்னார். ஏன் பூக்கும் சமயம்? அதுவரை செடி சேர்த்த சத்து இலையிலும் தண்டிலும் இருக்கும். அதன்பின் விதைக்குப் போய்விடும், தண்டும் நார் கட்டிவிடும். இது மந்திரம் இல்லை, செயலியல்.

நார் என்றதும் நினைவுக்கு வருகிறது. வைக்கோலை உழுது மண்ணில் புதைத்த உடனே நட்டுவிட்டு, பயிர் மஞ்சளாகிறதே, இயற்கை உரம் வேலை செய்யவில்லையே என்று புலம்புகிறவர்கள் உண்டு. வைக்கோலில் கரி அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டத் தழைச்சத்து வேண்டும் என்பதால் மண்ணில் இருப்பதையும் இழுத்துக்கொள்கின்றன. பயிர் கொஞ்ச காலம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். தக்கைப்பூண்டையோ சணப்பையையோ 45 நாளில் மடக்கி உழுதால் இந்தச் சிக்கல் இல்லை. இளந்தண்டு, சீக்கிரம் மக்கும். நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 25, 30 கிலோ தழைச்சத்து தரும். பீப்பாயின் இரண்டு கிலோவோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிற விஷயம். அந்தப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், எல்லாரும் சொல்றாங்க, அடுத்த வருஷம் மொத்தமா விட்டுடலாம்னு இருக்கேன்" என்றான். ஒன்பது மாவிலும், ஒரே போகத்தில். விளைச்சல் குறைந்தாலும் குத்தகை நெல்லை அளந்தே ஆக வேண்டும், வங்கி வட்டியும் நிற்காது. அவனுக்குக் கும்பிடு அனுப்பியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்.

ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டார்கள். நாடு முழுக்கத் தேவையான மக்குரமும் பசுந்தாளும் எங்கே இருந்தன? கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெல் செய்கிற நம் ஜனங்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். அதே வருடம் நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் பெரும்போகம் அடிபட்டு, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது. சிக்கிம் மாநிலமும் முழுக்க அங்ககத்துக்கு மாறியது. 2003இல் சட்டமன்றத்தில் அறிவித்து, 2016இல்தான் மாறி முடித்ததாகச் சொன்னார்கள். அதுவும் ஏற்கெனவே ரசாயனம் குறைவாகப் போட்டுக்கொண்டிருந்த மலைநாடு. பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாம் ஒரு ஃபார்வர்டில் முடிக்கப் பார்க்கிறோம்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். சொந்த நிலம் மூன்று மாவில் மட்டும் முதலில் மாற்று. இப்போதே மண் பரிசோதனை எடு. கோடையில் தக்கைப்பூண்டு விதை. பாதி வைக்கோலையாவது விற்காதே, மக்கவைத்து வயலுக்கே திருப்பு. குத்தகை ஆறு மாவில் யூரியாவை நிறுத்தாதே, அட்டை பார்த்துப் போடு, அதிலேயே செலவு குறைகிறதா பார். தண்ணீரையும் எந்நேரமும் கட்டி நிறுத்தாதே, பூக்கிற சமயம் தவிர. (நெல் வேருக்குள் காற்றறைத் திசு இருப்பதால் அது தண்ணீரில் பிழைக்கிறது, தண்ணீரை விரும்புகிறது என்று அர்த்தம் இல்லை. இதைத் தனியாக எழுத வேண்டும்.) மூன்று மாவில் மூன்று வருடம் கணக்கு எழுதிவை, பிறகு மற்றதைப் பேசலாம். "குழுவுல என்ன சொல்றது டீச்சர்?" என்று கேட்டான். ஒன்றும் சொல்லாதே, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

உங்களில் பலருக்கு நான் தேவையில்லாமல் கத்துவதுபோலத் தோன்றும். தாவரவியல் உங்களுக்கு எப்போதுமே விலங்கியலின் ஏழைத் தங்கைதான். நீட்டில் உயிரியலுக்கு 360 மதிப்பெண், அதில் பாதி செடி கொடியில் வருகிறது என்பதற்காகப் படிக்கிற பிள்ளைகளை இப்போதும் பார்க்கிறேன். வேர் முடிச்சு எதற்கு என்று கேட்டால் நான்கு விடையில் சரியானதைத் தொடுவார்கள். ஒரு முடிச்சை உங்கள் வாழ்க்கையில் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா என்றால் முழிப்பார்கள். நெல்லும் பயறும் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். மாட்டுப் படம் ஒருவரும் அனுப்பக் கூடாது, இதைச் செய்யுங்கள்.

தை பிறந்ததும் நம் பக்கத்தில் சம்பா அறுப்புக்கு ஏழு, பத்து நாள் முன்பு, மெழுகுபதத்தில் இருக்கும் வயலில் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து விதைப்பார்கள். உழவில்லை, பாசனமில்லை, பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளையும். எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து வியப்பார்கள். விதைக்கும் முன் ரைசோபியம் பொட்டலம் வாங்கி, ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். உயிருள்ள பொருள் அது. காலாவதித் தேதி பாருங்கள், பூஞ்சண மருந்தோடு கலக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். யூரியா மிஞ்சியிருக்கிறதே என்று அதிலும் தூவாதீர்கள். தழைச்சத்து சும்மா கிடைத்தால் செடி முடிச்சே வைக்காது, ஏனென்றால் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்துத்தான் வேலை வாங்க வேண்டும். காய் பறிக்கும் காலத்தில் செடியை வேரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டுபோய்க் களத்தில் அடித்துவிட்டு, 'உளுந்து போட்டேன், மண்ணுக்குச் சத்து சேர்ந்தது' என்றும் சொல்லாதீர்கள். சேர்ந்ததில் பெரும்பகுதி மணியில் போய்விடும். மிச்சம் தழையிலும் வேரிலும் இருப்பது. அதை வயலில் விட்டால்தான் வயலுக்கு. அடியை அறுத்து எடுங்கள், தழையை அடித்த பிறகு திருப்பிப் போடுங்கள்.

விதைத்து முப்பது, முப்பத்தைந்து நாளில், பூ எடுக்கும்போது, ஒரு செடியை மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி மண்ணோடு எடுங்கள். இழுக்காதீர்கள், முடிச்சு அறுந்து மண்ணில் தங்கிவிடும். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் உருண்டைகள் இருக்கும். பிளேடால் ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்கு உறவான ஒன்று அங்கே இருக்கிறது, பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலிருந்து உண்மையாகவே தழைச்சத்து இறங்குகிறது. வெளுத்தோ பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால் அடுத்த வருடம் பொட்டலத்தை எங்கே வாங்கினீர்கள், எப்படி வைத்திருந்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

நிலம் இல்லாதவர்கள் தொட்டியில் தட்டைப்பயறு போடுங்கள். பெங்களூர் மருமகனே, உனக்கும்தான். அந்தத் தொட்டியில் இருக்கிற மணிபிளான்டைக் கொஞ்சம் ஓரமாக வை.

மாசி பத்துக்குள் வெட்டிய முடிச்சின் படத்தைக் குழுவில் போடுங்கள். எழுத்து எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுங்கள், அளவு தெரியட்டும்.